1-க்கு 8: மேட் செரா ஜெயித்த இரவும் தரவரிசையின் கணக்கும்

2007 ஏப்ரல் 7, அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில் டொயோட்டா சென்டர் அரங்கு. கூண்டுக்குள் கலப்புத் தற்காப்புக் கலை (எம்எம்ஏ) போட்டிகளை நடத்தும் யுஎஃப்சி நிறுவனத்தின் 'யுஎஃப்சி 69' நிகழ்ச்சியில் கடைசிப் போட்டி. 170 பவுண்டு, அதாவது 77 கிலோ எடைப் பிரிவான வெல்டர்வெயிட்டின் பட்டம் கனடாக்காரர் ஜார்ஜ் செயின்ட் பியர் கையில் இருந்தது. ரசிகர்கள் வாயில் அவர் ஜிஎஸ்பி. அதுவரை 14 போட்டிகளில் ஒன்றில்தான் தோற்றிருந்தார். எதிரே நியூயார்க்கின் லாங் ஐலண்ட் பகுதியைச் சேர்ந்த மேட் செரா: 9 வெற்றி, 4 தோல்வி, சாம்பியனைவிட நான்கைந்து அங்குலம் குள்ளம். பந்தயச் சந்தையில் செராவுக்கு ஏறத்தாழ 1-க்கு 8 என்று விலை போனது, அதாவது 1 கட்டியவருக்கு அவர் ஜெயித்தால் 8 லாபம். முதல் சுற்றின் 3 நிமிடம் 25-ஆவது வினாடியில் நடுவர் குறுக்கே புகுந்து ஆட்டத்தை நிறுத்தினார். பெல்ட் செராவின் இடுப்புக்குப் போனது.

கலப்புத் தற்காப்புக் கலை வரலாற்றின் பெரிய அதிர்ச்சித் தோல்விகள் என்று யார் பட்டியல் போட்டாலும் முதல் சில இடங்களுக்குள் இது வந்துவிடும். காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை என்று ஒரு கூட்டம் சொல்லும். தரவரிசை என்பதே பம்மாத்து, கூண்டுக்குள் போனால் யாரும் யாரையும் அடிக்கலாம் என்று இன்னொரு கூட்டம் சொல்லும். இரண்டு தீர்ப்பும் போட்டியைப் பார்க்காமலேயே சொல்லக்கூடியவை. அதனால்தான் இரண்டுமே பயன்படுவதில்லை.

அன்று எது அதிர்ஷ்டம், எது திறமை, தரவரிசை எதைச் சரியாகச் சொன்னது, எதைச் சொல்லாமல் விட்டது? தனித்தனியாகப் பிரித்துப் பார்க்கலாம்.

செரா அங்கே வந்து சேர்ந்த வழி

செரா தரவரிசையில் படிப்படியாக ஏறி வந்தவர் அல்ல. 'தி அல்டிமேட் ஃபைட்டர்' நிகழ்ச்சியின் 4-ஆவது பருவத்தில், பழைய யுஎஃப்சி வீரர்களுக்கு மறுவாய்ப்பு கொடுத்து, ஜெயிப்பவருக்குப் பட்டப் போட்டி என்று அறிவித்திருந்தார்கள். அதன் இறுதிப் போட்டி 2006 நவம்பர் 11-இல் நடந்தது. செரா கிறிஸ் லைட்டிலை வென்றார். மூன்று நீதிபதிகளில் இருவர் 30–27 என்று செராவுக்குக் கொடுத்தார்கள். மூன்றாமவர் அதே 30–27-ஐ லைட்டிலுக்குக் கொடுத்தார். அதாவது ஒருவர் கண்ணுக்கு மூன்று சுற்றும் செராவுடையவை, பக்கத்து நாற்காலியில் இருந்தவர் கண்ணுக்கு மூன்று சுற்றும் லைட்டிலுடையவை. இன்னொரு நீதிபதியின் பேனா திரும்பியிருந்தால் ஹூஸ்டனில் செராவே இல்லை. அப்செட், அதாவது எதிர்பாராத அதிர்ச்சி முடிவு, பற்றிப் பேசுகிறவர்கள் அந்தக் குத்தைப் பற்றித்தான் பேசுவார்கள். அதிர்ஷ்டம் அதற்கு ஐந்து மாதம் முன்பே தன் வேலையைத் தொடங்கியிருந்தது.

அடுத்த வாரமே, நவம்பர் 18-இல், சாக்ரமென்டோவில் மேட் ஹியூஸைத் தலையில் உதைத்து வீழ்த்திப் பட்டம் வாங்கினார் ஜிஎஸ்பி. அந்தப் பிரிவின் நெடுநாள் ராஜாவை இரண்டாவது சுற்றில் சாய்த்தவர் என்ற பிம்பம் அப்போது பளபளவென்று இருந்தது. செரா பக்கம் இருந்ததோ ரென்சோ கிரேசியிடம் வாங்கிய ஜியு-ஜிட்சு கறுப்புப் பட்டை. தரையில் ஆபத்தானவர், நின்று அடிப்பதில் சாதாரணம் என்பதுதான் பொதுக் கருத்து. பந்தய விலை இந்தப் பொதுக் கருத்தின் மேல் கட்டப்பட்டது.

அந்தக் குத்து

முதல் சில நிமிடங்கள் எதிர்பார்த்தபடியே போயின. ஜிஎஸ்பி தூரத்தில் நின்று ஜாப் (முன்கையால் நேராக நீட்டும் குத்து), உதை என்று அளந்து அடித்தார். செரா முன்னால் நடந்துகொண்டே இருந்தார். குள்ளமானவருக்கு அது ஒன்றுதான் வழி. கை எட்டும் தூரத்துக்குள் போகாமல் அவரால் எதுவும் செய்ய முடியாது.

பிறகு வந்தது வலக்கை ஓவர்ஹேண்ட். தோளுக்கு மேலாக வளைந்து இறங்கும் குத்து இது. உயரமானவர் ஜாப் போடும்போது அவர் கைக்கு மேலே தாண்டி வந்து விழும். குள்ளமான, அகலமான உடம்புக்காரர்கள் இதை விரும்பிப் பழகுவது இதனால்தான். ஜிஎஸ்பிக்கு அது தாடையில் விழவில்லை, காதோரமாகப் பின்பக்கம் தள்ளி விழுந்தது. தாடையில் சரியாக விழும் குத்து விளக்கை அணைத்துவிடும். காதுக்குப் பின்னால் விழுவது வேறு ரகம். உட்காது சமநிலையைப் பார்த்துக்கொள்ளும் இடம், அது கலங்கினால் நினைவு இருக்கும், கண் திறந்திருக்கும், கால் மட்டும் சொன்ன பேச்சைக் கேட்காது. எம்எம்ஏ கையுறை வெறும் 4 அவுன்ஸ். குத்துச்சண்டைக் கையுறை 8 அல்லது 10 அவுன்ஸ். மெல்லிய கையுறை அணிந்த கை, பெரிய கையுறை தட்டி நிற்கும் இடுக்குகளிலும் புகுந்துவிடும்.

இந்த நிலையில் செய்ய வேண்டியது பயிற்சிக்கூடத்தில் முதல் வருடமே சொல்லிக்கொடுப்பதுதான்: எதிராளியைக் கட்டிப் பிடி, கூண்டுக் கம்பியில் சாய்த்து நேரத்தைக் கடத்து, முடியாவிட்டால் முதுகைத் தரையில் போட்டுக் கால்களுக்கு நடுவே அவனை இறுக்கு. ஜிஎஸ்பி இதில் எதையும் உருப்படியாகச் செய்யவில்லை. தள்ளாடியபடியே திரும்பத் திரும்ப நிமிர்ந்து நின்று பதிலடி கொடுக்கப் பார்த்தார். செராவோ, கைவந்த ஜியு-ஜிட்சுவைத் தேடிப் போகாமல் குத்திக்கொண்டே இருந்தார். விழுந்தவர் மேல் ஏறியும் குத்தினார். இந்த முடிவு சாதாரணமானதல்ல. தனக்கு நன்றாகத் தெரிந்த ஆயுதத்தைக் கையில் எடுக்காமல், அந்த நிமிடத்தில் வேலை செய்துகொண்டிருந்த ஆயுதத்தோடு நின்றார்.

இப்போது பிரித்துப் பார்க்கலாம். ஓவர்ஹேண்டைத் தேர்ந்தெடுத்தது திட்டம். அது காதுக்குப் பின்னால் விழுந்தது பெரும்பாலும் தற்செயல், ஒரு அங்குலம் முன்னே விழுந்திருந்தால் கன்ன எலும்பில் பட்டு ஒரு வீக்கத்தோடு போயிருக்கும். ஆடிப்போனவரை விடாமல் முடித்தது முழுக்கத் திறமை. ஆடிப்போனபின் கட்டிப்பிடிக்காதது சாம்பியனின் பிழை. நான்கில் ஒன்றுதான் அதிர்ஷ்டம், ஆனால் அந்த ஒன்று இல்லாமல் மற்ற மூன்றுக்கும் வேலையே வந்திருக்காது.

செராவின் முதல் யுஎஃப்சி போட்டி இதற்கு நேர் எதிர்ப்பக்கம். 2001-இல் யுஎஃப்சி 31-இல் ஷோனி கார்ட்டரோடு மோதியபோது, மூன்றாவது சுற்றின் 4 நிமிடம் 51-ஆவது வினாடியில், மணி அடிக்க 9 வினாடி இருக்கையில், சுழன்று திரும்பிய புறங்கைக் குத்தில் செரா சாய்ந்தார். வாங்கிய கடன் ஆறு வருடம் கழித்து வேறொருவரிடம் வசூலானது என்று வேடிக்கையாகச் சொல்லலாம். கணக்கு அப்படி வேலை செய்யாது.

விலையை நிகழ்தகவாக மாற்றுவது

1-க்கு 8 என்றால் 9-இல் 1 பங்கு, சுமார் 11%. இதைச் சொன்னவுடன் பலர் செய்யும் முதல் தவறு, பலகையில் இருக்கும் எண்ணை அப்படியே நிகழ்தகவு என்று எடுத்துக்கொள்வது. பந்தயம் நடத்துபவர் தன் லாபத்தை இரண்டு பக்கத்திலும் ஏற்றி வைத்திருப்பார். உதாரணத்துக்கு அமெரிக்கப் பாணியில் ஒருவருக்கு -1300, மற்றவருக்கு +850 என்று இருக்கிறது என்று வையுங்கள். -1300 என்றால் 100 லாபத்துக்கு 1300 கட்ட வேண்டும்: 1300-ஐ 1400-ஆல் வகுக்க 92.9%. +850 என்றால் 100 கட்டினால் 850 லாபம்: 100-ஐ 950-ஆல் வகுக்க 10.5%. கூட்டினால் 103.4. அந்த 3.4 தான் கடைக்காரரின் பங்கு. ஒவ்வொன்றையும் 103.4-ஆல் வகுத்தால்தான் உண்மையான எண் வரும்: 89.8, 10.2.

சரி, 11% என்றால் எவ்வளவு அரிது? மூன்று காசைச் சுண்டி மூன்றிலும் தலை விழுவதற்கான வாய்ப்பு 12.5%. அதைவிடக் கொஞ்சம்தான் குறைவு. யாரும் அதைப் பார்த்து மயங்கி விழமாட்டார்கள். ஒரு சாம்பியன் ஒவ்வொரு முறையும் 90% சாதகத்தோடு கூண்டுக்குள் போகிறார் என்றாலும், 7 போட்டிகளையும் தோற்காமல் கடக்கும் வாய்ப்பு 48% தான். 10 போட்டி என்றால் 35%. ஆகவே எல்லாரையும்விடத் தெளிவாகச் சிறந்த ஒருவர்கூட என்றாவது ஒருநாள், யாரோ ஒருவரிடம் தோற்றுத்தான் தீருவார். அந்த 'யாரோ'வின் பெயர் சரித்திரத்தில் ஏறும். அன்று அது செரா.

கிரிக்கெட் பார்ப்பவர்களுக்கு இதை விளக்க வேண்டியதே இல்லை. ஐந்து நாள் டெஸ்டில் பலமான அணி பிழையைத் திருத்திக்கொள்ள நேரம் கிடைக்கும், டி20-இல் இரண்டு ஓவர் போனால் ஆட்டமே போச்சு. எம்எம்ஏ டி20-ஐவிடக் குட்டை. அதிகபட்சம் 25 நிமிடம், அதுவும் எந்த வினாடியிலும் முடிந்துவிடலாம். முன்னிலையைச் சேர்த்து வைக்கவும் வழியில்லை. நான்கு சுற்று ஜெயித்தவனும் ஐந்தாவதில் ஒரு உதை வாங்கினால் நான்கும் காற்றோடு போகும்.

ஒரு போட்டி எவ்வளவு சாட்சி சொல்லும்?

சதுரங்கத்துக்காக ஆர்பாட் ஈலோ வகுத்த புள்ளி முறையை எம்எம்ஏவுக்கும் பலர் ஓட்டிப் பார்க்கிறார்கள். அதில் இருவருக்கும் இடையே 100 புள்ளி வித்தியாசம் என்றால் மேலே இருப்பவருக்கு 64%, 200 என்றால் 76%, 400 என்றால் 91%. செராவுக்கு 11% என்ற விலையை இதில் பொருத்தினால் இடைவெளி சுமார் 361 புள்ளி.

ஒரு போட்டிக்குப் பின் அதிகபட்சம் 32 புள்ளி நகரலாம் என்று வைத்துக்கொண்டால், செரா ஜெயித்ததும் அவருக்கு 32-இல் 89%, அதாவது 28.5 புள்ளி கூடும், ஜிஎஸ்பிக்கு அதே அளவு குறையும். இடைவெளி 304 ஆகிறது. மறுநாளே மறுபடி மோதினால் செராவின் வாய்ப்பு? 15%. அவ்வளவுதான். உலகமே தலைகீழாகிவிட்டது என்று தலைப்பு எழுதிய அந்த இரவு, கணக்குப் புத்தகத்தில் 11-ஐ 15 ஆக்கியது.

இது முறையின் மந்தம் என்று சொல்பவர்கள் வேறு வழியில் போட்டுப் பார்க்கலாம். போட்டிக்கு முன் உங்களுக்கு இரண்டு ஊகங்கள்: சந்தை சொல்லும் 11% சரி என்பது ஒன்று, அதற்கு 90% நம்பிக்கை. சந்தை செராவைப் புரிந்துகொள்ளவில்லை, அவருக்கு உண்மையில் 40% வாய்ப்பு என்பது இன்னொன்று, அதற்கு 10% நம்பிக்கை. செரா ஜெயித்துவிட்டார். முதல் ஊகத்தின் வழியாக இது நடக்கும் அளவு 0.9 × 0.11 = 0.099. இரண்டாவதன் வழியாக 0.1 × 0.4 = 0.04. ஆக, சந்தை தவறு என்ற எண்ணம் 10-இலிருந்து 29%-க்கு ஏறுகிறது. கவனிக்க வேண்டிய ஏற்றம்தான். ஆனால் 71% இன்னும் பழைய பக்கமே நிற்கிறது. மறுபோட்டியில் செராவுக்கு இரண்டையும் கலந்து 19% வருகிறது.

மறுபோட்டி 2008 ஏப்ரல் 19-இல் மான்ட்ரியாலின் பெல் சென்டரில் நடந்தது. ஜிஎஸ்பி தொடங்கியவுடனே செராவைத் தரையில் சாய்த்தார். ஓவர்ஹேண்ட் வீசுவதற்கான தூரமே அன்று கூண்டுக்குள் இல்லை. இரண்டாவது சுற்றின் 4 நிமிடம் 45-ஆவது வினாடியில், விலாவில் விழுந்த முழங்கால் அடிகளோடு முடிந்தது. ஹூஸ்டனுக்குப் பிறகு ஜிஎஸ்பி தோற்கவே இல்லை, 13 வெற்றிகளோடு 26–2 என்று ஓய்ந்தார். செரா அதற்குப் பின் ஆடிய நான்கில் ஒன்றை மட்டும் ஜெயித்து 11–7 என்று முடித்தார். அந்த மூன்று தோல்விகளில் ஒன்று, 2010-இல் கிறிஸ் லைட்டிலிடம். மூன்று நீதிபதிகளும் 30–27, இந்த முறை ஒரே பக்கம்.

இந்த வழக்கில் தரவரிசை பொய்க்கவில்லை. அரிதாக நடக்கும் என்று சொன்னது, அரிதாக நடந்தது.

2021 டிசம்பர் 11-இல் அன்றைய சாம்பியன் அமண்டா நூன்யெஸை ஜூலியானா பெனியா வென்றதும் ஏறக்குறைய இதே ரகம். 2014-க்குப் பிறகு தோற்காத நூன்யெஸ், இரண்டாவது சுற்றில் ஜாபுக்கு ஜாப் என்று நின்று மோதி, மூச்சு வாங்கி, 3 நிமிடம் 26-ஆவது வினாடியில் கழுத்துப் பிடியில் கையால் தட்டித் தோல்வியை ஒப்புக்கொண்டார். இங்கே தற்செயலைவிட மூச்சுப் பிரச்சினைதான் பெரிது. 2022 ஜூலை 30-இல் மறுபோட்டி. நூன்யெஸ் இடக்கைக்காரராக நின்று, பெனியாவைப் பலமுறை வீழ்த்தி 50–45, 50–44, 50–43 என்று ஜெயித்தார். திருத்தக்கூடிய ஓட்டை ஒன்றால் வந்த தோல்வி, திருத்தியதும் மறைந்துவிட்டது.

ஒற்றை எண்ணால் பிடிக்க முடியாத தோல்வி

எல்லா அப்செட்டும் இப்படி இல்லை. 2015 நவம்பரில் மெல்பர்னில், 56,214 பேர் முன்னிலையில், அன்றைய சாம்பியன் ரோண்டா ரௌஸியை ஹாலி ஹோம் இரண்டாவது சுற்றின் 59-ஆவது வினாடியில் தலை உதையால் சாய்த்தார். அதை 'அதிர்ஷ்ட உதை' என்று சொல்ல முடியாது. முதல் சுற்று முழுக்கவும் கதை ஒன்றுதான். 2008 ஒலிம்பிக்கில் ஜூடோ வெண்கலம் வாங்கிய ரௌஸிக்கு எதிராளியின் உடம்பு கைக்கு வேண்டும். அதற்காக நேர்கோட்டில் துரத்தினார். குத்துச்சண்டைச் சாம்பியனாக இருந்த ஹோம், இடக்கை நிலையில் பக்கவாட்டில் விலகி விலகி, உள்ளே வரும்போதெல்லாம் இடக்கையால் நேராக அடித்தார். ரௌஸி கட்டிப் பிடித்த ஓரிரு தருணங்களிலும் ஹோம் கழன்றுகொண்டார். உதை கடைசியில் வந்தது. அதற்கு முன்னரே ரௌஸியின் முகம் விடையைச் சொல்லிவிட்டது.

அப்படியானால் ஹோம்தான் உலகின் சிறந்தவரா? 2016 மார்ச் 5-இல் யுஎஃப்சி 196-இல் மீஷா டேட், ஐந்தாவது சுற்றில் ஹோமைத் தரைக்கு இழுத்து, முதுகில் ஏறி, கழுத்தை நெரித்து ஜெயித்தார். ஹோம் தட்டவில்லை, மயங்கிவிட்டார். அதே டேட்டை ரௌஸி 2012-இலும் 2013-இலும் இரண்டு முறை கைமுறுக்கில் தட்ட வைத்திருந்தார். ரௌஸி டேட்டை அடிப்பார், டேட் ஹோமை அடிப்பார், ஹோம் ரௌஸியை அடிப்பார். கல், காகிதம், கத்தரி.

இந்த மூவரையும் 1, 2, 3 என்று எப்படி அடுக்கினாலும் ஒரு முடிவு அப்செட்டாகத்தான் தெரியும். குறை வீராங்கனைகளிடம் இல்லை, வரிசை என்ற வடிவத்தில்தான் இருக்கிறது. டேட்டின் மல்யுத்தம் எதிராளியைக் கட்டிப் பிடிப்பதில் தொடங்குகிறது, ரௌஸிக்கு அது விருந்து. ஹோமின் விலகலாட்டம் ரௌஸியைக் களைப்பாக்கும், ஆனால் 25 நிமிடம் பொறுத்திருந்து எதிராளியைத் தரையில் சாய்க்கும் ஒரே ஒரு நல்ல டேக்டவுனுக்காகக் காத்திருப்பவரிடம் ஒரு தவறு போதும். ஒரே எண்ணை நம்புகிறவருக்கு இதெல்லாம் கண்ணில் படாது. குத்து, பிடி, தரை என மூன்று எண் வைத்துக்கொள்பவருக்கு ஓரளவு படும்.

யுஎஃப்சி 196-இன் அதே இரவில், 11 நாள் அவகாசத்தில் வந்த நேட் டியாஸ், தன் வழக்கமான எடையைவிட மேலே போன கானர் மெக்ரெகரைக் கழுத்துப் பிடியில் வென்றார். அது எடைப் பிரிவைத் தாண்டிய மோதல், எந்தத் தரவரிசையாலும் அதை நேராக எடைபோட முடியாது.

தாமதமாக விழித்த தரவரிசை

மூன்றாவது ரகம், லியோன் எட்வர்ட்ஸ். 2022 ஆகஸ்ட் 20, சால்ட் லேக் சிட்டி. நான்கு சுற்று முடிந்தபோது மூன்று நீதிபதிகளும் 39–37 என்று அன்றைய வெல்டர்வெயிட் சாம்பியன் கமாரு உஸ்மானுக்கு எழுதியிருந்தார்கள். ஐந்தாவது சுற்றின் 4 நிமிடம் 4-ஆவது வினாடியில், 56 வினாடி மிச்சமிருக்கையில், எட்வர்ட்ஸின் இடக்கால் உஸ்மானின் தலையில் விழுந்தது. நாக்அவுட்.

மேலோட்டமாகப் பார்த்தால் செராவின் குத்தைவிட இது பெரிய அதிர்ஷ்டம், தோற்றுக்கொண்டிருந்தவர் கடைசி நிமிடத்தில் ஜெயித்தார் அல்லவா? மெதுவாக ஓட்டிப் பாருங்கள். எட்வர்ட்ஸ் முதலில் இடக்கைக் குத்து வருவதுபோல் காட்டுகிறார். உஸ்மானின் கை அதைத் தடுக்கப் போகிறது, தலையும் அந்தக் கைக்கு விலகிச் சாய்கிறது. அவர் சாய்ந்த இடத்துக்கே உதை வருகிறது. குத்தும் உதையும் ஒரே பக்கத்திலிருந்து, ஒன்றன் நிழலில் ஒன்று. இது பழக்கிய சேர்க்கை. அது விழுந்த நேரத்தில்தான் அதிர்ஷ்டம் இருந்தது, விழுந்த விதத்தில் இல்லை.

2023 மார்ச் 18-இல் லண்டனில் மறுபடி மோதியபோது எட்வர்ட்ஸ் பெரும்பான்மைத் தீர்ப்பில் ஜெயித்தார். கூண்டுக் கம்பியைப் பிடித்ததற்காக ஒரு புள்ளி கழிக்கப்பட்டும் ஜெயித்தார். 2015-இல் உஸ்மானிடம் தோற்ற எட்வர்ட்ஸும் இவரும் வேறு வேறு ஆள். பழைய முடிவுக்குப் பட்டியல் கொடுத்த எடை அதிகம், ஏழு வருட வளர்ச்சிக்குக் கொடுத்த எடை குறைவு. அதோடு உஸ்மானின் வயதையும் அது மறந்துவிட்டது.

செராவின் பயிற்சிக்கூடத்திலிருந்தே இதற்கு இன்னொரு சாட்சி உண்டு. ரே லோங்கோவும் செராவும் வளர்த்த கிறிஸ் வைட்மன் 2013 ஜூலையில் அன்றைய மிடில்வெயிட் சாம்பியன் ஆண்டர்சன் சில்வாவை நாக்அவுட் செய்தார். சில்வா விளையாட்டுக் காட்டியதால் தோற்றார் என்றார்கள். டிசம்பரில் மறுபோட்டி. சில்வா உதைத்த கால் வைட்மனின் முழங்காலில் மோதி முறிந்தது. விபத்து என்றார்கள். காலை மடக்கி முழங்காலை முன்னால் நீட்டி, மெல்லிய கணைக்கால் எலும்பை அதில் மோத விடுவது அந்தக் கூடத்தில் பழக்கிய தடுப்பு. எலும்பு முறியும் என்று யாரும் திட்டமிட முடியாது. உதைத்தவனுக்கு வலிக்கட்டும் என்று திட்டமிடலாம்.

பட்டியல் எப்படித் தயாராகிறது

யுஎஃப்சியின் அதிகாரபூர்வத் தரவரிசை 2013 பிப்ரவரியில்தான் வந்தது. செரா காலத்தில் அது இல்லை, அன்று இருந்தவை பத்திரிகைகளும் இணையதளங்களும் தத்தமது கணக்கில் போட்டவை. அதிகாரபூர்வப் பட்டியலும் கணினிக் கணக்கு அல்ல, ஊடகத்தார் குழு ஒன்று வாக்களித்து உருவாவது. பிரிவுக்கு 15 பேர், சாம்பியன் அந்த எண்ணிக்கைக்கு வெளியே. யுஎஃப்சி ஒப்பந்தத்தில் இல்லாதவர் எவ்வளவு பெரிய வீரரானாலும் பட்டியலில் கிடையாது.

இதன் குறை வாக்காளர்களின் பாரபட்சம் என்றே பலர் நினைக்கிறார்கள். என் கணிப்பில் அது சின்னக் குறை. பெரியது, பட்டியல் இடத்தைச் சொல்கிறது, தூரத்தைச் சொல்லவில்லை என்பது. 3-ஆம் இடத்துக்கும் 4-ஆம் இடத்துக்கும் நடுவே 10 புள்ளியும் இருக்கலாம், 200 புள்ளியும் இருக்கலாம். 12-ஆம் இடத்துக்காரர் 7-ஆம் இடத்துக்காரரை அடித்தால் 'அப்செட்' என்று எழுதுகிறோம், நடுவில் இருக்கும் கூட்டத்தில் பெரும்பாலும் இருவரும் ஒரே தரம்தான்.

அடுத்தது தரவின் பஞ்சம். மேல்தட்டு வீரர் வருடத்துக்கு இரண்டு அல்லது மூன்று முறை ஆடுவார். 15 பேரில் எல்லாரும் எல்லாரோடும் மோதுவதில்லை. யாரோடு யார் என்பதை முடிவு செய்வது லீக் அட்டவணை இல்லை, டிக்கெட் விற்பனையைப் பார்க்கும் ஒருங்கிணைப்பாளர். காயத்தால் ஒன்றரை வருடம் ஒதுங்கியவர் பழைய இடத்திலேயே உட்கார்ந்திருப்பார். இதற்கு மார்க் கிளிக்மனின் கிளிக்கோ முறை நல்ல மருந்து. புள்ளியோடு சேர்த்து 'இந்தப் புள்ளியை எவ்வளவு நம்பலாம்' என்று இரண்டாவது எண்ணையும் வைத்திருக்கும், ஆடாமல் இருக்க இருக்க அந்தச் சந்தேகம் விரியும். திரும்பி வந்ததும் முதல் முடிவு அவரை வேகமாக நகர்த்தும்.

நம்பகத்தன்மையைச் சோதிக்கும் முறை

ஒரு தரவரிசையையோ விலைப்பலகையையோ ஒரு அப்செட்டை வைத்து அளக்க முடியாது. குவியலாக அளக்க வேண்டும். 90% என்று சொன்ன போட்டிகளை ஒரு கூடையில், 80 என்று சொன்னவற்றை இன்னொன்றில் என்று போட்டு, அந்தக் கூடையில் எத்தனை பேர் உண்மையில் ஜெயித்தார்கள் என்று எண்ணுங்கள். 90% கூடையில் எல்லாருமே ஜெயித்திருந்தால் மகிழ வேண்டாம், உங்கள் 90 மிகக் குறைவு என்று அர்த்தம்.

கூடை சின்னதாக இருந்தால் எதையும் தீர்மானிக்க முடியாது. 65% கூடையில் 30 போட்டிதான் இருக்கிறது என்றால், எல்லாம் சரியாக இருந்தாலும் விடை 48-இலிருந்து 82 வரை எங்கும் வரலாம். 300 போட்டி சேர்ந்தால்தான் அந்தத் தடுமாற்றம் இருபக்கமும் ஐந்தரைப் புள்ளிக்குள் அடங்கும். ஒரு வருடப் போட்டிகளை வைத்து தரவரிசையைத் திட்டுபவர்கள் பெரும்பாலும் இந்த இரைச்சலைத்தான் திட்டுகிறார்கள்.

தரவு சேர்க்கும்போது அடிக்கடி நடக்கும் தவறு, இன்றைய பட்டியலை எடுத்துப் பழைய போட்டிகளோடு ஒப்பிடுவது. இன்றைய பட்டியலுக்குள் அந்த முடிவுகள் ஏற்கெனவே புகுந்துவிட்டன, சரியாக இருப்பதுபோல் தெரியாமல் என்ன செய்யும்? போட்டி வாரத்தில் இருந்த பட்டியலின் நகல்தான் வேண்டும். விலை என்றால் திறப்பு விலையா முடிவு விலையா என்று ஒன்றைப் பிடித்துக்கொண்டு கடைசிவரை அதிலேயே நிற்க வேண்டும். சமநிலையில் முடிந்தவற்றையும் செல்லாது என்று அறிவிக்கப்பட்டவற்றையும் தனியே ஒதுக்குங்கள். கடைசி நேரத்தில் எதிராளி மாறிய போட்டிகளுக்குத் தனிக் குறியீடு போடுங்கள், 2016 ஜூனில் 17 நாள் அவகாசத்தில் வந்து லூக் ராக்ஹோல்டை முதல் சுற்றிலேயே சாய்த்த மைக்கேல் பிஸ்பிங்கின் போட்டி போல.

ஒவ்வொரு அப்செட்டுக்கும் எதிரே இரண்டு விஷயத்தைக் கையால் எழுதி வையுங்கள்: முடிவு வருவதற்கு முந்தைய நிமிடம்வரை யார் ஜெயித்துக்கொண்டிருந்தார், முடித்த நுட்பம் அவர் ஏற்கெனவே பழகியதா. ஹோமுக்கு நேரே 'ஹோம், ஆம்' என்று வரும். எட்வர்ட்ஸுக்கு நேரே 'உஸ்மான், ஆம்'. செராவுக்கு நேரே முதல் கட்டத்தில் 'ஜிஎஸ்பி, மயிரிழையில்', இரண்டாவதில் 'குத்து ஆம், விழுந்த இடம் இல்லை'.